தமிழில் ஜெயித்து தெலுங்கில் செத்த பயில்வான்

மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் இரக்க சுபாவக்காரர்கள். உயிரோடு இருக்கும்வரை ஊர் அவர்களை ஏமாற்றும். செத்த பிறகு நல்லவர் என்று சொல்லும். இரண்டாவது வகையினர், கேட்கிறவருடைய பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். நான் இரண்டாவது வகை. பெண்ணைப் பெற்றவளும் பெற்றவரும் தனித்தனியாக வந்து நேர் எதிரான இரண்டு காரியங்களைக் கேட்க, இரண்டுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்கு ஒரு சாமர்த்தியமான வழியும் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போகிற அளவுக்கு முற்றிய கேஸ்.

அப்போது எனக்கு வேலை இல்லை. (வேலை இல்லாதவன் என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி எப்போதும் வேகமாக எங்காவது நடந்துகொண்டிருப்பேன்.) எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டிருந்தேன். ஆந்திரம் தனி ராஜ்யமாகி, எங்கள் புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள் அங்கேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எதற்கும் இருக்கட்டும் என்று தமிழில் ஒரு மனு, தெலுங்கில் ஒரு மனு.

எங்கள் ஊரான வடமாலபேட்டையில் ஓயாமல் பொதுக்கூட்டம். பஸ் நிற்கும் இடத்தில் தமிழ்க் கூட்டம், சந்தை மைதானத்தில் தெலுங்குக் கூட்டம். ஊரில் ஒலிபெருக்கி ஒன்றுதான். மைக்கைப் பிடித்துத் தலைவர் வருகிறவரை ஜனங்களை உட்கார வைக்கிற ஆளும் ஒருவன்தான். அது நான். தமிழ்க் கூட்டத்தில் "இது தமிழ் மண்" என்பேன். மறுநாள் அதே மண்ணைத் தெலுங்கு மண் ஆக்குவேன். மண் ஒன்றும் சொல்லவில்லை. "எங்கள் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை தெலுங்கு புரியாது" என்று தமிழ்த் தலைவர் முழங்குவார். "எங்கள் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை தமிழ் புரியாது" என்று தெலுங்குத் தலைவர் முழங்குவார். இரண்டு முழக்கத்தையும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, நான் நம்பிவிட்டேன். அவர்களே நம்பாததை நான் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

மைக் பிடித்த புகழால் டெண்ட் கொட்டகை நாயுடு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊர்க்கோடியில் அவருடைய டூரிங் டாக்கீஸ். புதுப்படம் கிடைக்காதபோது மெட்ராஸிலிருந்து பழைய இங்கிலீஷ் சண்டைப் படம் எதையாவது கொண்டுவந்து ஓட்டுவார். வசனம் யாருக்கும் புரியாது. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கில் கதை சொல்ல வேண்டும். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. ஒரு பாஷையில் மட்டும் சொன்னால் மற்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புரியாததால் அல்ல, மரியாதைக்காக. (இந்த வித்தியாசம் அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.)

இங்கிலீஷ் தெரியுமா என்று நாயுடு கேட்கவில்லை. பாஸ் பண்ணியவன் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் படங்களில் வருகிறவர்கள் வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவார்கள். யெஸ், நோ இரண்டும் எனக்குப் பிடிபடும். நடுவில் உள்ளதை நானே போட்டுக்கொள்வேன்.

இப்போது பயில்வானுக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி வஜ்ரவேலு மாமா. தொழில், மல்யுத்தம். மண் கோதாவில் புரள்கிறது அல்ல. நாலு பக்கம் கயிறு கட்டி, மேடை போட்டு, டிக்கெட் வைத்து நடத்துகிற மல்யுத்தம். கம்பெனியோடு பெங்களூர், கோலார், பெஜவாடா, மெட்ராஸ் என்று பாதி ஆயுள் சுற்றியவர். மெட்ராஸ் சுவரொட்டியில் அவர் 'ஆந்திரப் புலி'. பெஜவாடாவில் அதே மாமா, அதே மீசை, 'அரவப் புலி'. (தமிழை அரவம் என்பது தெலுங்கர் வழக்கம்.) கோலாரில் மானேஜருக்கு என்ன தோன்றியதோ, 'மலபார்ப் புலி'. காரணம் எளியது. அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்று மானேஜர் மத்தியானச் சாப்பாட்டின்போதே சொல்லிவிடுவார். தோற்கிறவன் வெளியூர்க்காரனாக இருந்தால்தான் ஜனங்களுக்கு மனசு நிறையும். மாமா எந்த ஊருக்குப் போனாலும் வெளியூர்க்காரர். ஆகையால் எல்லா ஊரிலும் தோற்றார்.

அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஜெயிக்கிறவனுக்கு இன்னாடா வேல? கைய தூக்கிகினு நிக்கணும். உளுறவனுக்குத்தான் வித்தெ வேணும். சத்தம் கடேசி பெஞ்சுக்கும் கேக்கணும், இடுப்பும் ஒடியக்கூடாது" என்பார்.

வயதாயிற்று. முட்டி மடங்க மறுத்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலே மூச்சு வாங்கியது. சித்தூர் டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, மேடை கீடை எல்லாம் இனிக் கூடாது என்று சொல்லிவிட்டார். கன்னியம்மா அத்தை அன்றைக்கே மாமாவின் பூட்ஸைத் தூக்கி நெல் குதிருக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, பழைய கம்பெனி மானேஜர் காரில் வந்து வாசலில் இறங்கினார். கம்பெனி திருப்பதியில் முகாம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு குஸ்தி, பழைய ஆள் என்று மரியாதைக்காக. மாமா 'வரேன்' என்றார். அத்தை உள்ளேயிருந்து 'வரமாட்டார்' என்றாள். மானேஜர் காப்பியைக் குடித்துவிட்டு, முடிவு பண்ணிச் சொல்லியனுப்புங்கள் என்று போய்விட்டார். அன்று முதல் அந்த வீட்டில் இதே பேச்சு. இந்த வாரத்தில்தானா நாயுடு ஒரு கிழட்டு மல்யுத்தக்காரனைப் பற்றிய இங்கிலீஷ் படத்தைக் கொண்டுவர வேண்டும்?

முதலில் பிடித்துக்கொண்டவள் அத்தை. அவர்கள் வீட்டுக்கு நான் எதற்கோ போயிருந்தேன். (எதற்கு என்பது எனக்கும் அவர்கள் பெண் சரோஜாவுக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.)

"தனபாலு, வெள்ளிக்கெழம பயில்வான் படமாமே. இன்னா ஆவுது அவனுக்கு?"

"தெரியல அத்தே. பிலிம் பொட்டி ஒவ்வொண்ணா வரும். நோட்டீசுல, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு போட்டு உட்டுட்டான்."

"நான் சொல்றேன். மேடையில ஏர்றான், நெஞ்சப் புடிச்சிகினு சாவறான். அப்டியே மைக்குல சொல்லு."

"படத்துல சாவலன்னா?"

"நீ சொன்னா சாவறான். இங்கிலீசு எவனுக்குத் தெரியும்? உங்க மாமா காதுல உளணும், அவ்ளோதான். பூட்சு எங்கன்னு ஊடு பூரா தேடிகினு கீறாரு மனுசன்."

சரோஜா மோர்ச் சொம்போடு வந்தாள். "அவனாண்ட ஏம்மா கெஞ்சற? அவன் யாருக்குத்தான் முடியாதுன்னு சொல்லிகீறான்" என்றாள். இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சரி என்றேன்.

மறுநாள் காலை, மெட்ராஸ் ரோட்டு டீக்கடையில் மாமா என்னைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். அந்தக் கை தோளில் விழுந்தால் யாரும் ஓரமாகத்தான் போவார்கள்.

"மாப்ளே" என்றார்.

அதுவரைக்கும் 'டேய்'தான். அந்த ஒரு வார்த்தைக்கு, படத்துப் பயில்வான் இங்கிலாந்து ராஜாவானான் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"ஒங்க அத்த படத்துக்கு வரா. கதெ நீதானே சொல்ற. கெழவன் ஜெயிக்கிறான், பொண்டாட்டி மேடைக்கி வந்து மாலெ போடுறா, ஊரே கை தட்டுது. இத்த அவ காதுல உளறாப்பல சொல்லிடு. மனசு எளகும்."

"மாமா, படத்துல..."

"படம் கெடக்கு. நானு தோக்காத ஊரு இல்ல. நம்ம ஜில்லாவுலதான் தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல. ஒரு தபா, நம்ம ஜனம் பாக்க மேடையில நின்னுட்டு வந்துர்றேன். அவ்ளோதான் மாப்ளே."

இதற்கும் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசித்த உடனே வழி தெரிந்துவிட்டது. என் மூளையின் கோளாறே அதுதான், எதையும் உடனே கண்டுபிடித்துவிடும். அத்தை நகரி பக்கத்துப் பெண். வாயைத் திறந்தால் தமிழ். மாமா கம்பெனிக்காரர்களோடு பழகி, வெளியாட்களிடம் பேசுவதெல்லாம் தெலுங்கு. ஆக, பயில்வான் தமிழில் ஜெயிக்கட்டும். அத்தை கேட்டு இளகுவாள். தெலுங்கில் சாகட்டும், மாமா கேட்டு மிரளுவார். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கு நிறைவேறும். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. மாமாவும் அத்தையும் தினமும் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவர் தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் முடிப்பதும், மற்றவர் தெலுங்கில் பிடித்துத் தமிழில் எறிவதும் என் காதில் விழாத நாள் இல்லை. அது நினைவுக்கு வந்ததா? வரவில்லை. எங்கள் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது என்று இரண்டு தலைவர்கள் சொன்னதுதான் நினைவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாட்டம். கொட்டகை நிரம்பிவிட்டது. மல்யுத்தப் படம், அதுவும் வஜ்ரவேலு பயில்வானே பார்க்க வருகிறார் என்று நாயுடு தண்டோரா போட்டிருந்தார். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், நடுவில் இடுப்பளவு தட்டி. மாமா ஆண்கள் பக்கம் முன்வரிசை நாற்காலியில், துவைத்த சட்டையோடு. அத்தையும் சரோஜாவும் பெண்கள் பக்கம் பெஞ்சில். தரை டிக்கெட் மணலில் தமிழ்க் கூட்டத்துக் காரியதரிசி, தெலுங்குக் கூட்டத்துக் காரியதரிசி இருவரும் ஒரே வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படத்துக் கிழவன் பெரிய உடம்பு. ஒரு சலவைக் கடையில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறான். மாடி அறையில் ஒரு நாயோடு குடியிருக்கிறான். முதல் இரண்டு பெட்டியும் நல்லபடியாகப் போயிற்று. இரண்டு பாஷையிலும் ஒரே கதை. அப்புறம் டாக்டர் வந்தார்.

திரையில் டாக்டர் கிழவனின் மார்பில் காதை வைத்துக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றி, துக்கமாகத் தலையை ஆட்டினார்.

"உன் நெஞ்சு இரும்புப் பெட்டி, தாராளமாக மேடை ஏறலாம் என்கிறார் டாக்டர்" என்று தமிழில் சொன்னேன்.

"இன்னொரு தடவை ஏறினால் பிணமாகத்தான் இறங்குவாய் என்கிறார் டாக்டர்" என்று தெலுங்கில் சொன்னேன்.

கொட்டகை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மணலிலிருந்து ஒரு குரல்: "டாக்டருங்க ரெண்டு பேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை வெற்றிச் சிரிப்பு என்று நினைத்து உற்சாகமானேன். கிழவன் தனியாக உட்கார்ந்து எதையோ குடித்தபோது, தமிழில் அது பலத்துக்குப் பாதாம் பால். தெலுங்கில் அது மருந்து. கிழவனுக்குப் பெண்டாட்டி இல்லை என்பது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஆகவே சலவைக் கடை முதலாளி அம்மாளைப் பெண்டாட்டி ஆக்கினேன். தமிழில் அவள், "போய் வாருங்கள், ஜெயித்து வாருங்கள்" என்று திலகம் வைத்தாள். தெலுங்கில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரையில் அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் படம் நின்றது. கடைசிப் பெட்டி வரவில்லை.

எங்கள் கொட்டகைக்கும் ரேணிகுண்டா கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படம்தான். அங்கே முன்னதாக ஆரம்பித்து, ஓடி முடிந்த பெட்டியை முனிரத்தினம் என்ற ஆள் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பார். அன்று பஸ் தாமதம். ஆபரேட்டர் வெறும் வெளிச்சத்தைத் திரையில் விட்டுவிட்டு வெளியே பீடி பிடிக்கப் போய்விட்டான். ஜனங்கள் விசிலடித்தார்கள். நாயுடு ஓடிவந்து என் காதில், "ஆப்பொத்து, நுவ்வு செப்பு" என்றார். நிறுத்தாதே, நீ சொல்லிக்கொண்டே போ என்று அர்த்தம்.

வெள்ளைத் திரை. நான். மைக். நான் மறைந்துகொள்ளத் திரையில் ஒரு உருவம்கூட அசையவில்லை.

சொன்னேன். தமிழில் கிழவன் எதிராளியைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தான்; பெண்டாட்டி மேடையேறி மாலை போட்டாள்; ஊரே கை தட்டியது. தெலுங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், பெண்டாட்டி அலறினாள், சச்சிபோயாடு. செத்துப்போனான்.

தெலுங்குக் கூட்டத்துக் காரியதரிசி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தமிழில் ஜெயித்தவன் தெலுங்கில் ஏன் சாக வேண்டும்? இது யார் ஏற்பாடு?"

இதை அவர் நல்ல தமிழில் கேட்டார். தமிழ்க் கூட்டத்துக் காரியதரிசி எழுந்து, செத்தவனுக்காக எங்கள் பேரில் ஏன் பாய்கிறீர் என்று சுத்தமான தெலுங்கில் பதில் சொன்னார். எங்கள் ஊர் வழக்கம் அது. திட்டுவதானால் எதிராளியின் பாஷையில் திட்டுவோம். முழுசாகப் போய்ச் சேரும். கொட்டகை முழுவதும் எழுந்து நின்று, ஒரு வார்த்தைகூடப் புரியாத பாஷைகளில் சரளமாகச் சண்டை போட ஆரம்பித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி அப்போதுதான் நான் அதைக் கண்டுபிடித்தேன்: இந்த ஊரில் இரண்டு பாஷையும் புரியாதவர்கள் யாருமே இல்லை. நானும் இந்த ஊர்தான்.

தட்டியை ஒருவர் தாண்டினார். புடவையைச் சொருகிக்கொண்டு, கன்னியம்மா அத்தை.

"தனபாலு. செத்தானா, ஜெயிச்சானா?"

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "சாவடிக்க சொன்னது நீயா?"

"ஜெயிக்க வெக்க சொன்னது நீயா?"

இருவரும் வெளிச்சத்தில் நின்றுவிட்டார்கள். திரையில் இரண்டு பெரிய நிழல்கள், ஒன்று இடுப்பில் கை வைத்து, ஒன்று கையை விரித்து. சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். படத்தைவிட இது தெளிவாகத் தெரிந்தது. கதை சொல்ல ஆளும் தேவைப்படவில்லை.

"ஜெயிக்கறத நானு பாக்கணுமாம். இவுரு என்னிக்கி ஜெயிச்சாரு? ஊரு ஊரா போயி உளுந்துட்டு வருவாரு. எண்ண காச்சி தேய்க்கறது நானு."

"அதுக்குத்தான் கேக்கறேன். ஒரு தபா, நம்ம ஜனம் பாக்க."

"நெஞ்சு நின்னுபோச்சுன்னா? நம்ம ஜனமா வந்து எனுக்கு புருசனா நிக்கும்?"

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடா. படத்துல நெஜமா இன்னா ஆவுது அவனுக்கு?"

"தெரியாது அத்தே" என்றேன். மைக் அணைக்கப்படவில்லை. தெரியாது என்பது கொட்டகையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம்வரை கேட்டது. பழக்க தோஷத்தில் "தெலியது" என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் முனிரத்தினம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "பஸ் பஞ்சர்" என்றார்.

மாமா என்னிடம் வந்து, கையிலிருந்து மைக்கை வாங்கி, தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார். "யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஓட்டு" என்றார். அத்தை திரும்பிப் பெண்கள் பக்கம் போகவில்லை. மாமாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.

கடைசிப் பெட்டியை வடமாலபேட்டை வாய் திறக்காமல் பார்த்தது. கிழவன் மேடை ஏறினான். ஜெயிக்கவில்லை. சாகவும் இல்லை. ஒரு வாலிபன் அவனைக் கீழே தள்ளி, கொஞ்சம் கூச்சத்தோடு மேலே உட்கார்ந்தான். மணி அடித்தது. ஜனங்கள் கலைந்து போனார்கள். பிறகு ஒரு சின்ன அறை. ஒரு பெஞ்சு. கிழவன் அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தான். முட்டி மடங்கவில்லை, கயிறு எட்டவில்லை. மூச்சு வாங்க, சற்று உட்கார்ந்தான். மறுபடி குனிந்தான். எட்டவில்லை. அப்படியே பூட்ஸோடு சுவரில் சாய்ந்துகொண்டான். இங்கிலீஷில் முடிந்தது என்று எழுத்து வந்தது. அது எனக்குப் படிக்கத் தெரிந்தது.

விளக்குப் போட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானு போவல கன்னியம்மா" என்றார்.

"ஏன் போவல? போ" என்றாள் அத்தை.

மாமா துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"பூட்சு கயட்ட ஒரு ஆளு இல்ல பாத்தியா அவனுக்கு. நீ எத்தினி ஊர்ல இப்டி குந்திகினு இருந்தியோ. ஊட்டுக்கு வந்தா எண்ண தேச்சேன், அங்க ஒருவாட்டிகூட வந்ததில்ல நானு. இப்ப வரேன். போவலாம்."

"வேணாம்டி. அவன் மூச்சு வாங்கறத பாத்தேன். எனுக்கும் அப்டியேதான் கீது. உன்னாண்ட சொல்லல. பயமா கீது."

அந்த உடம்பிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

"பயமா இருந்தா நானு கூட கீறேன். போ."

"போவல."

"போன்னா."

படம் பார்க்கும்முன் போகிறேன் என்றவர் மாமா. கூடாது என்றவள் அத்தை. பார்த்த பிறகு இடம் மாறிக்கொண்டு, அதே மும்முரத்தோடு வீடுவரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். ஒரே ஒரு பெட்டி, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், என்னால் இரண்டு பாஷையிலும் முடியாததைச் செய்துவிட்டது. இது ஒரு கதைசொல்லியின் வாழ்க்கையில் பெருமைப்படத்தக்க தருணம் அல்ல.

சனிக்கிழமை சமாதானம் ஆயிற்று, அத்தைதான் ஜெயித்தாள். மாமா மேடை ஏறலாம். முதல் ரவுண்டிலேயே விழுந்துவிட வேண்டும். எதிராளி ஓங்கி அடிக்கக் கூடாது. மானேஜர் ஒப்புக்கொண்டார். (தோற்பதற்கு நிபந்தனை போட்ட பயில்வான் குடும்பத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.) குதிரிலிருந்து பூட்ஸை எடுத்து நெல் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலிருந்து பஸ் கொள்ளாமல் ஜனம் திருப்பதிக்குப் போனது. மேடைக்குப் பக்கத்தில் அறிவிப்பாளர் வந்து, "என்ன புலி என்று சொல்ல?" என்று மாமாவைக் கேட்டார். மாமா விழித்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அத்தை, "வடமாலபேட்ட வஜ்ரவேலுன்னு சொல்லு. புலி கிலி வேணாம்" என்றாள்.

அப்படியே சொன்னார்கள். எழுந்த சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. இரண்டு காரியதரிசிகளும் ஒரே பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார்கள். மாமா கும்பிட்டார். எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். மணி அடித்த பிறகும் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் எதிராளி காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு விழுந்தார். என்ன விழுகை அது. கடைசி பெஞ்சுக்கும் கேட்டது. அத்தை மேடை ஏறி, அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

"தோத்துட்டியே மாமா" என்றேன் பஸ்ஸில்.

"தோத்தேன். ஆனா ஊர்க்காரனா தோத்தேன்டா" என்றார். (மாப்ளே போய், மறுபடி டேய் ஆகியிருந்தது.)

நாயுடு என்னைக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்றுவிட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் முதல்முறையாக ஒரே தீர்மானம் போட்டு, மைக்குக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீஸ் வேலை கிடைத்தது; எந்த மனுவுக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் கேட்கப் போனபோது, நானும் கூடப் போனேன். அத்தை என்னை நிற்க வைத்துக் கேட்டாள்: "பொண்ண ஒழுங்கா வெச்சிப்பியா?"

"வெச்சிப்பேன் அத்தே."

"தெலுங்குல சொல்லு" என்றார் மாமா.

சொன்னேன். உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "நைனா, ரெண்டும் ஒண்ணுதானான்னு சரியா கேட்டியா?"

மாமா யோசித்துப் பார்த்து, ஒன்றுதான் என்று சொன்ன பிறகுதான் தட்டை வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் மேடை எதிலும் ஏறவில்லை. எங்கள் கல்யாண மேடையில்கூட, அத்தை கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

இத்தனை வருஷமாயிற்று. பேரப் பிள்ளைகள்வரை இந்தக் கதை போய்விட்டது. நான் எதற்குச் சரி என்று சொன்னாலும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நேற்று, மிளகாய் அரைக்க மிஷினுக்குப் போய் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். சமையலறையிலிருந்து சரோஜா, "தெலுங்குல எங்க போற?" என்றாள்.